ரப்பர்மேல் பதித்த செம்பு

பெக்டரி குவாட்டர்ஸ்,
தெரணியகலை.
9.11.1969

அன்புள்ள மைத்துனர் ஏரம்பமூர்த்திக்கு,

இங்கே உம்முடைய அக்கா ஞானாம்பிகையும் மகள் ரதியும் நானும் சுகம். லண்டன் குளிரில் உமக்குத் தடிமன் காய்ச்சல் வராமல் நல்லூர் முருகன் காக்க வேண்டும் என்று அக்கா வெள்ளிதோறும் விரதம் இருக்கிறாள். நீர் அங்கே கம்பளிச் சட்டை போடுகிறீரோ இல்லையோ, அவள் இங்கே பட்டினி கிடக்கிறாள்.

பத்து நாளாக விடாத மழை. ரப்பர் மரங்களில் பால்வெட்டு இல்லை. என் பொறுப்பில் உள்ள பெக்டரியில் உருளைகள் சும்மா நிற்கின்றன. ஆறு பாலத்தைத் தொட்டுக்கொண்டு போவதால் ரதி பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே அட்டை ஏறுகிறது.

இனி நான் எழுத வந்த விஷயம். எங்களுக்கு வந்திருக்கும் புதுத் துரை டிக்கோயாப் பக்கம் தேயிலையில் பதினொரு வருஷம் இருந்த வெள்ளைக்காரர். ரப்பரைப் பற்றி அவருக்கு அ, ஆ தெரியாது. அதை அவர் மறைப்பதுமில்லை. பெண்சாதி இல்லை. குடியும் அளவுதான். அவருக்கு இருக்கிற பைத்தியம் ஒன்றே ஒன்று, பொம்மைக் கார். உள்ளங்கை அளவு கார்கள், வயிற்றுக்குள் மோட்டர், மூக்கின் கீழே ஒரு சிறு முளை. பாதையில் வெட்டிய காடிக்குள் அந்த முளை இறங்கி நிற்க, காடியின் இரண்டு பக்கமும் பதித்த உலோகக் கோட்டிலிருந்து கரண்ட் ஏறிக் கார் பறக்கிறது. கையில் உள்ள விசையை அழுத்தினால் வேகம். வளைவில் பேராசைப்பட்டால் குட்டிக்கரணம். நீர் அங்கே இதற்கென்று ஒரு சங்கத்தில் சேர்ந்திருப்பதாக எழுதியபோது நான் சிரித்தேன். இப்போது சிரிக்கவில்லை.

துரை பங்களாவின் பில்லியட்ஸ் அறையைக் காலி செய்துவிட்டார். இருபத்துநான்கு அடிக்குப் பதினாறு அடி. விரித்து விளையாடிச் சுருட்டி வைக்கும் பாதை அவருக்கு வேண்டாமாம். அறையை விட்டு அசையாத, நிரந்தரமான பாதை வேண்டும். அதை எதனால் செய்வது என்பதுதான் கேள்வி. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்துப் போடுவதா, பலகையில் காடி வெட்டிச் செம்புத் தகடு ஒட்டுவதா? எனக்கென்னவோ பிளாஸ்டிக்தான் சரி என்று படுகிறது. கடையில் வாங்கியதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. தச்சன் கை பட்டால் எல்லாம் கட்டில் கால்தான்.

உம்மைப் பற்றி நான் சொன்னதும் துரை கந்தோர்ப் படியில் நின்று என்னுடன் அரை மணித்தியாலம் பேசினார். பதினான்கு வருஷத்தில் ஒரு துரை என்னுடன் அவ்வளவு நேரம் பேசியது இதுவே முதல் தடவை. ஆகவே தயவுசெய்து அலட்சியம் பண்ணாமல் இரண்டு வகையின் நன்மை தீமையும், காடியின் அகலமும் ஆழமும், வளைவுகள் வரைந்த படமும் விமானத் தபாலில் அனுப்பும். படத்தை நானே நல்ல தாளில் பிரதி எடுத்துத் துரையிடம் கொடுப்பேன்.

முருகன் உம்மோடு இருப்பான்.

அன்புள்ள அத்தான்,
பஞ்சலிங்கம்


தெரணியகலை.
22.2.1970

அன்புள்ள மைத்துனருக்கு,

நீர் அனுப்பிய படங்கள் எல்லாம் பத்திரமாகக் கிடைத்தன. பதில் எழுதப் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். ரதிக்குச் செங்கண்மாரி வந்து கீழ்க்காய்நெல்லியில் தப்பினாள். இப்போது சோறு தின்கிறாள். அக்காவும் சுகம்.

துரை உம்முடைய ஆங்கிலக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். பிளாஸ்டிக் பாதையில் ஒவ்வொரு மூட்டிலும் கரண்ட் குறையும், ஈரமான ஊரில் உலோகக் கோடு துருப்பிடிக்கும், வளைவுகளைப் பெட்டிக்காரன் கொடுத்த அளவில்தான் போடலாம் என்று நீர் எழுதியிருந்தீர் அல்லவா? அதோடு இந்தக் காலத்தில் விளையாட்டுச் சாமான் இறக்குவதற்குப் பெர்மிட் எடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. பலகைதான் என்று துரை முடிவு கட்டிவிட்டார். நான் பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். "அந்தனியைக் கூப்பிடு" என்றார்.

அந்தனி தோட்டத்துத் தச்சன். தொழிலாளர் லயத்தில் பிறந்த வேதக்காரன். பாட்டன் காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கைத்திறன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். "ஹல்மில்லப் பலகை எந்த மழைக்கும் அசையாதுங்க துரை" என்று சொல்லி, ஒரு துண்டை ஆறு நாள் பீலித் தண்ணீரில் போட்டு எடுத்து, மட்டப்பலகை வைத்துக் காட்டினான். துரை குழந்தை மாதிரிக் கை தட்டினார். நான் இரண்டு இரவு கண் விழித்துப் பிரதி எடுத்த படத்தை அந்தனி பலகையில் குண்டூசியால் குத்தி, அதன்மேல் உளியால் நடந்தான். இப்போது அது அந்தனியின் படம். கடைசி வளைவுக்குத் துரை வைத்த பெயர் என்ன தெரியுமா? அந்தனி முடுக்கு.

தை கடைசியில் ஒரு நாள் துரை என்னைப் பங்களாவுக்கு அழைப்பித்தார். பதினான்கு வருஷத்தில் நான் அந்தப் பங்களாவின் பின் விறாந்தையைத் தாண்டியதில்லை. உள்ளே போகிறேன், துரையும் அந்தனியும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பி முறுக்குகிறார்கள். துரை நிமிரவில்லை. அந்தனி நிமிர்ந்தான். லயத்து ஆள் ஒருவன் பெக்டரி ஐயாவைக் கண்டால் எழும்பித் தலைத்துண்டை இறக்குவது இந்தத் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து உள்ள மரியாதை. அவன் எழும்பவில்லை. மடியில் கம்பிச் சுருள் இருந்ததாம். "வாங்க ஐயா, இருங்க" என்றான். துரையின் வீட்டில், துரையின் நாற்காலி ஒன்றைக் காட்டி, என்னை உட்காரச் சொல்கிறான்! நான் உட்காரவில்லை. அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பது சும்மா சொன்ன வார்த்தையா? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா வயிற்றுக்கோளாறு என்று மல்லித் தண்ணீர் வைத்துத் தந்தாள்.

துரை என்னை அழைத்த காரணம் இதுதான். பூச்சுப் பூசிய பலகையில் கார்ச் சில்லு வழுக்குகிறது. ஆகவே எங்கள் பெக்டரியில் உருட்டும் வெள்ளைக் கிரேப் ரப்பரை மெல்லிய தாளாக எடுத்துப் பாதை முழுவதும் ஒட்டி, அதன்மேல் காடியோரம் செம்பு பதிக்கலாமாம். எங்கள் தோட்டத்து ரப்பரிலேயே எங்கள் கார் ஓட வேண்டும் என்கிறார். ஈஸ்டருக்கு அயல் தோட்டத்துத் துரைமார் எல்லோரையும் பந்தயத்துக்கு அழைக்கப் போகிறார். "எத்தனை யார் நீளம் வேண்டும்?" என்று மாத்திரம் கேட்டேன்.

உமக்கு இது தெரியாது. ரப்பர் பெக்டரிக்குள் நிற்பவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. பச்சை ரப்பருக்குச் செம்பு நஞ்சு. செம்பின் களிம்பு ஒரு பொட்டுப் பட்டாலும் நாளாக நாளாக ரப்பர் இளகிப் பிசினாகிவிடும். சூடு பட்டால் இன்னும் கெதியாக இளகும். என் பெக்டரிக்குள் ஒரு பித்தளை ஆணி வர நான் விடுவதில்லை. போன வருஷம் அழகமுத்து என்ற ஆள் செம்புச் சொம்பில் குடிதண்ணீர் கொண்டுவந்தான் என்று ஒரு கிழமை வேலையை நிறுத்தினேன். ஏன் என்று அவனுக்குச் சொல்லவில்லை. ஏன் எதற்கு என்று சொல்லத் தொடங்கினால் ஆளுக்காள் பெக்டரி ஐயா ஆகிவிடுவார்கள்.

அந்த அழகமுத்து வாயைத் திறந்திருக்கிறான். முந்தநாள் அந்தனி பெக்டரி வாசலுக்கு வந்து, தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கே நாற்காலி இல்லைத்தானே! "ஐயா, ரப்பர் மேல செம்பு வைக்கிறதால ஒண்ணும் கெட்டுப் போகாதுங்களா? அழகமுத்து என்னமோ சொல்றான்" என்று கேட்டான். நான் அவனை ஏற இறங்கப் பார்த்தேன். அது குடிதண்ணீர் சுத்தத்துக்காகப் போட்ட சட்டம், துரை சொன்னதைச் செய் என்றேன். "ஐயா சொன்னா சரிங்க" என்று நிம்மதியாகப் போனான். நேற்று ஒட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு பாதைக்கு ஏன் இவன் இப்படி உயிரை விடுகிறான் என்று கேட்பீர். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தத்தின்படி லயத்து ஆட்கள் இலங்கைப் பிரஜையாகவா இந்தியாவுக்குப் போகவா என்று மனுப் போடும் காலம் ஏப்ரல் முப்பதோடு முடிகிறது. அந்தனி இந்தியாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பெண்சாதி ஹில்டா எட்டியாந்தோட்டைப் பக்கம் பிறந்தவள். மூன்று பிள்ளைகள். இலங்கைக்கு மனு எழுதி வைத்துவிட்டான். ஆனால் பாட்டனின் பத்திரங்கள் எல்லாம் நாற்பத்தேழாம் வருஷ வெள்ளத்தில் போய்விட்டன. மூன்று தலைமுறையாக இந்தத் தோட்டத்தில் இருக்கும் குடும்பம் என்று துரை ஆட்களின் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து எழுதி முத்திரை குத்தித் தரும் கடிதம் ஒன்றே அவனுக்குள்ள சாட்சி. துரை ஈஸ்டர் பந்தயம் முடியட்டும், ஒரு தாள் அல்ல, மூன்று தாள் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எழுதட்டுமே. நானா தடுத்தேன்?

உடம்பைப் பாரும். இந்தச் செம்புக் கதையை அக்காவுக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எல்லாவற்றுக்கும் அழத் தெரியும்.

அன்புள்ள அத்தான்,
பஞ்சலிங்கம்


தெரணியகலை.
7.4.1970

அன்புள்ள மைத்துனருக்கு,

"அத்தான், இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கோ, இது மனிசத்தன்மை இல்லை" என்று நீர் எழுதிய கடிதம் மார்ச் பத்தாம் திகதி கிடைத்தது. மூத்தவனுக்கு எழுதும் கடிதம் அல்ல அது. ஆனாலும் நான் கிழிக்கவில்லை. இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பங்களாப் பக்கமும் ஒரு தரம் போனேன். அறைக்குள் துரையும் அந்தனியும் சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். நீர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.

மார்ச் நடுவில் செம்பு கறுத்துவிட்டது. இந்த ஈரத்தில் கறுக்காமல் என்ன செய்யும்? கரண்ட் சரியாக ஏறவில்லை. ஒரு பின்னேரம் ஹில்டா எங்கள் குசினி வாசலில் வந்து நின்று, செம்பை எதனால் துலக்கினால் பளபளக்கும் என்று உம்முடைய அக்காவைக் கேட்டாள். அக்கா வாய் திறக்கமுன் நான் உள்ளிருந்து சொன்னேன்: புளியும் உப்பும் போட்டுத் துலக்கு. கிழமைக்கு இரண்டு தரம் துலக்கு. அக்கா ஒரு உருண்டைப் பழப்புளியும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். புளி பட்டால் செம்பின் களிம்பு கரைந்து ரப்பருக்குள் இறங்கும். அது எனக்குத் தெரியும். வாயில் வந்தது, சொன்னேன். சொன்ன பிறகு மனதுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், நீர் என்னை என்னவென்றும் நினையும்.

மார்ச் இருபத்தெட்டு, ஈஸ்டருக்கு முதல் நாள், எட்டுத் துரைமாரும் அவர்களின் பெண்சாதிமாரும் வந்தார்கள். பாதைக்குமேல் பெரிய பல்புகளாகப் பன்னிரண்டு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நல்ல சூடு. என்னையும் வரச் சொல்லியிருந்தபடியால் வாசலோடு நின்றேன். முதல் நாலு சுற்றும் கார்கள் பிசகில்லாமல் ஓடின. அந்தனி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மூலையில் நின்றான், பார்க்க மாப்பிள்ளை போல இருந்தான். ஐந்தாம் சுற்றில் ஒரு கார் முக்கத் தொடங்கியது. பிறகு மற்றது. காடியோரம் முழுவதும் ரப்பர் சர்க்கரைப் பாணி மாதிரி இளகிச் சில்லைப் பிடித்துவிட்டது. கித்துல்கலைப் பக்கத்துத் துரை ஒருவர் காரைத் தூக்கினார். கூடவே ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு இழை வந்தது. இதுதானா உன் தோட்டத்து ரப்பர், லண்டன் சந்தைக்கும் இதைத்தான் அனுப்புகிறாயா என்று கேட்டார். எல்லோரும் சிரித்த சிரிப்பில் எங்கள் துரையின் முகம் செத்துவிட்டது.

அவர் கத்தவில்லை. அந்தனியைக் கூப்பிட்டு, விருந்தாட்கள் இருக்கும்போதே எல்லாவற்றையும் சுரண்டி எடு என்றார். அந்தனி வெள்ளைச் சட்டையோடு முழங்காலில் நின்று பால்வெட்டுக் கத்தியால் சுரண்டினான். குசினிப் பக்கம் நின்ற ஹில்டாவும் ஓடி வந்து பக்கத்தில் குந்தி நகத்தால் உரித்தாள். துரைமார் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு துரைச்சானி, பாவம், வெளியே போய்விட்டாள்.

அப்போது துரை திரும்பி என்னைக் கேட்டார். இப்படி ஆகும் என்று உமக்குத் தெரியுமா? அறை முழுவதும் என்னைப் பார்க்கிறது. தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். "சேர், வேலையை எடுத்தவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அந்தனி சுரண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். என்னிடம் வந்து கேட்டவன் அவன். பிறகு குனிந்து மறுபடி சுரண்டத் தொடங்கினான்.

அடுத்த நாள் துரை கடிதம் இல்லை என்று சொல்லிவிட்டார். கேளாமல் கண்டபடி வேலை செய்கிறவனுக்குக் கையெழுத்து வைக்க அவருக்கு மனமில்லையாம். இந்தியாவுக்கு மனுப் போட்டுக்கொண்டு கப்பல் ஏறட்டும் என்றாராம். அந்தனி பெக்டரிக்கு வந்தான். நான் உருளைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உருளைச் சத்தத்துக்கு மேலால் சொன்னான்: "நான் கேட்டேன்னு துரைகிட்ட சொல்ல மாட்டேங்க. ஐயா பேரு கெட வேணாம். அந்தக் கடுதாசிக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. புள்ளைங்க இருக்குதுங்க." பார்க்கலாம் என்றேன். அவன் கோபப்பட்டிருந்தால், கை ஓங்கியிருந்தால்கூட நான் அன்று இரவு நித்திரை கொண்டிருப்பேன்.

உம்முடைய அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ஹில்டாவின் பிள்ளைகளுக்கு இடியப்பம் கொடுத்தனுப்புகிறாள். நான் துரையிடம் அந்தனிக்காக நாயாக அலைகிறேன் என்று அவளிடம் ஹில்டாவே சொல்லியிருக்கிறாள். அந்தனி பெண்சாதிக்கும் உண்மையைச் சொல்லவில்லை என்று அதிலிருந்து தெரிகிறது. அக்கா என்னை முன்னைவிட அன்பாகப் பார்க்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி முக்கியமான சங்கதி. துரைக்குக் கோபம் கொஞ்சம் தணிந்துவிட்டது. நேற்று என்னைக் கூப்பிட்டு, லண்டனில் உள்ள உம்முடைய விலாசத்துக்குத் தானே எழுதிவிட்டதாகச் சொன்னார். இந்தப் பாதை விஷயத்தில் அவர் நம்புவது உம்மைத்தான். அவர் உம்மிடம் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: ரப்பர் இளகியது தச்சன் பிழையா, வேறு காரணமா? தச்சன் பிழை இல்லை என்று நீர் எழுதினால் உடனே அந்தனியின் கடிதத்தில் கையெழுத்து வைப்பாராம். சொன்ன சொல் தவறுகிறவர் அல்ல. உம்முடைய பதில் ஏப்ரல் முப்பதுக்கு முன் வந்தால் போதும் என்று அந்தனியிடமும் சொல்லிவிட்டார். அவன் தினமும் தபால்காரன் வரும் நேரம் கந்தோர்ப் படிக்குக் கீழே வந்து நிற்கிறான். அக்காவும் லண்டன் கடிதம் வந்ததா என்று என்னைக் கேட்கிறாள்.

செம்பு என்ற ஒரு சொல்லை நீர் எழுதினால் அந்தனி பிழைத்துவிடுவான். அடுத்த நிமிஷம், பதினான்கு வருஷம் ரப்பர் உருட்டிய பெக்டரி ஐயா இதை ஏன் முதலிலேயே என்னிடம் சொல்லவில்லை என்று துரை கேட்பார். அழகமுத்துவைக் கூப்பிடுவார். அதோடு என் வேலையும் போகும், இந்தக் குவாட்டர்ஸும் போகும். இந்த வயதில் நான் எங்கே போய் வேலை கேட்பேன்? ரதியை யார் படிப்பிப்பது? உம்முடைய அக்காவை எந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது?

பொய் எழுதும் என்று நான் கேட்கவில்லை. தச்சன் பிழை என்று எழுத வேண்டாம். அது பாவம். உமக்குப் பரீட்சை நெருங்குகிறது என்று எனக்குத் தெரியும். படிப்புத்தான் முக்கியம். துரையின் கடிதத்தை இப்போது உடைக்காமல் மேசையில் வையும். மே மாதம் பிறந்த பிறகு, கடிதம் பிந்திக் கண்டேன், இவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றும் திட்டமாகச் சொல்வதற்கில்லை என்று மரியாதையாக இரண்டு வரி எழுதிவிடும். மாசியில் நான் எழுதிய கடிதத்தையும் இதையும் அடுப்பில் போடும்.

தாய் தகப்பன் இல்லாத உம்மைப் பதினொரு வயதிலிருந்து என் பிள்ளை போலப் பார்த்தேன். இதுவரை உம்மிடம் ஒன்றும் கேட்டதில்லை. இந்த ஒரு மாதம் பேசாமல் இரும். முருகன் உமக்கு நீண்ட ஆயுளையும் நல்ல படிப்பையும் தருவான்.

உம்முடைய பதிலை மே மாதத்தில் எதிர்பார்க்கும் அத்தான்,
பஞ்சலிங்கம்